'எந்தத் தோட்டம்?': பெஸ்தாரி ஜெயா வாட்சப் குழு ஒன்று தன் உறுப்பினர்களுக்குப் பெயர் தேடிய நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய அந்த ஊருக்கு 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். மலாயில் ‘பத்தாங்’ என்றால் மரத்தண்டு. ‘பெர்ஜுந்தை’ என்றால் தொங்குகிற. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மலாய் காதில் வேறொரு கொச்சைப் பொருளும் விழும். அந்தச் சங்கடத்தில்தான் ஊர் பெஸ்தாரி ஜெயா ஆனது. சாலைப் பலகை மாறிவிட்டது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பிறந்தவர்களின் வாய் மாறவில்லை. ‘பெர்ஜுந்தைக்குப் போறேன்’ என்றுதான் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

ஊர்ப்பெயரே இரண்டாகிப் போன இடத்தில், ஊர்க்காரர்களின் வாட்சப் குழு ஒன்று தன் உறுப்பினர்களை ஒரே சொல்லால் அழைக்க நினைத்தால் என்னென்ன இடறும் என்பதே இந்த ஆய்வு. இதில் வரும் குழு மாதிரிக் குழு. வட்டாரத்தில் உள்ள எந்தக் குழுவையும் அது சுட்டாது. ஆள் எண்ணிக்கையும் வாக்கு எண்ணிக்கையும் வழிமுறை விளங்குவதற்காக வைத்தவை. ஊர், மொழி, செயலிகளின் விதிகள் எல்லாம் உள்ளபடியே.

குழுவில் 240 பேர். பாதிக்கு மேல் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் பிறந்து, பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தமான் என்ற குடியிருப்புப் பகுதிக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தவர்கள். அடுத்த பெரிய பங்கு, லயத்தைக் கண்ணால் பார்க்காத அவர்களுடைய பிள்ளைகள். ரவாங், ஷா ஆலாம் பக்கம் வேலை பார்க்கிறவர்கள். மிச்சம் உள்ளவர்கள் டவுனில் கடை வைத்திருந்த குடும்பங்களும், தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவர்களின் வீட்டாரும். மரண அறிவிப்பு, திருவிழா நாள், ரத்த தானம், பழைய புகைப்படம், காலை வணக்கம் ஆகியவைதான் அன்றாடச் சரக்கு. ஆண்டுக்கு ஒரு முறை ஒன்றுகூடல். அதற்குச் சட்டை அச்சடிக்கும் பேச்சு வந்தபோதுதான் ‘சட்டையில் நம்மை என்னவென்று போடுவது?’ என்ற கேள்வி எழுகிறது.

அதுவரை ஆளுக்கொரு விளி. ஒரு அட்மின் ‘மெம்பர்களே’ என்பார். அது வங்கிக் கடிதம் மாதிரி இருக்கும். இன்னொருவர் ‘உறவுகளே’ என்பார். தமிழ்நாட்டு அரசியலைப் பார்க்கிறவர்களுக்கு அது நாம் தமிழர் மேடையை நினைவூட்டும். ‘உடன்பிறப்பே’ என்றால் கருணாநிதி. ‘ரத்தத்தின் ரத்தமே’ என்றால் எம்.ஜி.ஆர்.; ‘தோழர்’ என்றால் செங்கொடி. கூட்டத்தை அன்போடு அழைக்கும் தமிழ்ச் சொற்களில் நல்லவற்றைக் கட்சிகள் முன்பதிவு செய்து வைத்திருக்கின்றன. மலேசியாவில் அந்தக் கட்சிகளுக்கு ஓட்டு இல்லை, ஆனால் ரசிகர்கள் உண்டு. குழுவுக்குள் வீண் வாக்குவாதத்துக்கு அது போதும்.

முதல் வேலை பெயர் யோசிப்பதல்ல, காது கொடுப்பது. எந்தக் குழுவிலும் ஒரு சொல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருக்கும். வாட்சப்பின் தேடல் பெட்டியில் ‘நம்ம’ என்று தட்டி, அதற்கு அடுத்து என்ன சொல் வருகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். பிறகு ‘நாங்க’, ‘நாமெல்லாம்’. இதை ஒருவர் செய்தால் போதும். ஒரு தாளில் கோடு போட்டு எண்ணலாம். உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்து கோப்பாக எடுத்தும் தேடலாம். அப்படிச் செய்தால் வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும், யாருக்கும் அனுப்பக் கூடாது. அதில் மற்றவர்களின் வீட்டு விஷயமெல்லாம் இருக்கும்.

மாதிரிக் குழுவில் அப்படித் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஒரு பெயரல்ல, ஒரு கேள்வி. புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் கேட்கிறார்: ‘எந்தத் தோட்டம்?’ மலேசியத் தமிழர் இருவர் கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் இதே கேள்விதான். இதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

பரிந்துரை கேட்க ஐந்து நாள் போதும். அதற்கு மேல் விட்டால் வேடிக்கைப் பெயர்கள் பெருகி உண்மையானவை அமுங்கிவிடும். ஒரு விதி முக்கியம்: பரிந்துரைகள் குழுவில் வரக் கூடாது, ஒரே ஒருவரின் தனி எண்ணுக்கு வர வேண்டும். பெரியவர் ஒருவர் குழுவில் ஒரு பெயரை முன்வைத்துவிட்டால், அதைக் குறை சொல்வது பெயரைக் குறை சொல்வதாக இருக்காது, அவரையே குறை சொல்வதாகிவிடும். ‘மாமா வச்ச பேரு, நான் எப்படி வேணாம்ங்கிறது?’ என்று மருமகன் கை கட்டிக்கொள்வார். எனவே பெயர்கள் யார் சொன்னது என்று தெரியாமல் பட்டியலில் ஏற வேண்டும்.

வந்த பெயர்களைச் சலிக்க மூன்று பேர் போதும். ஆனால் அந்த மூவரில் ஒருவர் அறுபது தாண்டியவர், ஒருவர் பெண், ஒருவர் மலாய் நன்றாகத் தெரிந்தவர் என்று இருக்க வேண்டும். மலாய் தெரிந்தவர் எதற்கு என்பது முதல் பெயரிலேயே விளங்கிவிடும்.

பெர்ஜுந்தையார். மனத்துக்கு நெருக்கமான பெயர். தமிழில் எந்தக் கோணலும் இல்லை. ஆனால் சட்டை தமிழர் மட்டும் பார்க்கும் பொருளல்ல. பேருந்து நிலையத்திலும் கோப்பிக் கடையிலும் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறார்கள். எந்தச் சொல்லுக்காக ஊர்ப்பெயரே மாறியதோ அதை முதுகில் ஒட்டிக்கொள்வது, கேலிக்கு விருந்து வைப்பது. ‘அவங்களுக்கென்ன, எங்க ஊரு பேரு அதுதானே’ என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. விளக்கம் கேட்கும் பெயர் நிலைக்காது.

பெஸ்தாரியர். ‘பெஸ்தாரி’ என்றால் அறிவுக்கூர்மை. 1990-களின் இறுதியில் அரசு தொடங்கிய திறன்பள்ளித் திட்டத்துக்கே ‘செக்கோலா பெஸ்தாரி’ என்றுதான் பெயர். தன்னைத்தானே ‘அறிவாளிகள்’ என்று அழைத்துக்கொள்ளும் குழுவைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். ஊரில் சிலாங்கூர் பல்கலைக்கழக வளாகம் இருப்பதால், மாணவர் சங்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஊர்ப்பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ‘பிஜே’ என்று சுருக்கலாம் என்பது இளையவர்களின் யோசனை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘பிஜே’ என்றால் பெட்டாலிங் ஜெயா. அது போதாதென்று, பெஸ்தாரி ஜெயாவின் ஆங்கில எழுத்துகளுக்கு ஆங்கிலக் கொச்சையில் பத்தாங் பெர்ஜுந்தையைவிட மோசமான பொருள். இந்த ஊருக்குப் பெயர் ராசி அப்படி.

தென்னமரத்தார். பட்டியலிலேயே அழகானது இதுதான். இவ்வூர்ப் பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை நட்டார். உலகச் சமையல் எண்ணெய்ச் சந்தையை மாற்றிய ஒரு பயிர் இந்த நாட்டில் வேர் பிடித்த இடத்துக்குத் தமிழ்ப் பெயர், அதுவும் வேறொரு மரத்தின் பெயர். பெருமைக்கு இதைவிட என்ன வேண்டும்? தடை ஒன்றே ஒன்று: மற்ற தோட்டத்துக்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ராஜா மூசாவில் பிறந்தவர் ஏன் தன்னைத் தென்னமரத்தார் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்? பந்து விளையாட்டில் இரண்டு தலைமுறை மோதிய தோட்டங்கள் இவை. பகுதியின் பெயரை முழுமைக்கு வைப்பது எந்தப் பொதுக் குழுவிலும் எடுபடுவதில்லை. அந்தப் பகுதி எவ்வளவு பெருமைக்குரியதாக இருந்தாலும் சரி.

பெரட்டார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தை வைத்து வந்த பெயர். காலை ஆறு மணிக்கு வரிசையாக வந்து விழும் வணக்கச் செய்திகளை ஏற்கெனவே சிலர் ‘பெரட்டு’ என்று கேலி செய்வதுண்டு. கேட்டதும் பிடித்துப்போகும். ஆனால் எழுதிப் பார்த்தால் ‘புரட்டு’ எட்டிப் பார்க்கிறது. ‘பொய் புரட்டு’ என்ற இணைச்சொல் தமிழர் எல்லாருக்கும் தெரியும். ‘பெரட்டார் குழு நிதி வசூலிக்கிறது’ என்று ஒரு அறிவிப்பைக் கற்பனை செய்தாலே போதும்.

கெங் 45600. ‘கெங்’ என்றால் கும்பல், 45600 ஊரின் அஞ்சல் எண். இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது, காரணத்தைச் சொல்லித் தள்ள வேண்டும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 04, 08, 36 என்று எண்ணையே பெயராகக் கொண்டவை பல. இந்திய இளைஞர்கள் அவற்றில் சிக்கியதை ஒவ்வொரு தோட்டமும் அறியும். எனவே மலேசியத் தமிழ்க் குழுவின் சட்டையில் எண்ணும் கூடாது, ‘கெங்’ என்ற சொல்லும் கூடாது. அஞ்சல் எண் ஐந்து இலக்கம், யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் ‘கெங்’ பக்கத்தில் உட்கார்ந்தால் அஞ்சல் எண்ணும் அடியாள் எண்ணாகத் தெரியும். சாலைத் தடுப்பில் நின்று அதை விளக்கப் போவது பெயர் வைத்தவரல்ல, சட்டை போட்ட பையன்.

மின்மினிகள். கோல சிலாங்கூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது கம்போங் குவாந்தான் ஆற்றோரத்தில் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகள்தான். அழகான உருவகம், சின்னம் வரைய எளிது. இது எங்கே உடைகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கரையார். ஆற்றங்கரையை வைத்து வந்தது. ஈழத் தமிழரிடையே அது ஒரு சாதியின் பெயர். மலேசியாவில் யாழ்ப்பாண வழியினர் உண்டு, குழுவிலும் இருக்கலாம். உடனே நீக்க வேண்டியது. ‘ஆர்’ என்று முடியும் எந்தப் பெயரையும் சாதிப் பட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு முறை பார்ப்பது நல்லது. அம்மன் பெயரில் வந்த பரிந்துரைகளும் இதே கூடைக்குத்தான்: தோட்டத்தில் மாரியம்மன் கோயில் இருந்தது, தேவாலயமும், சூராவ் என்ற முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடமும்கூட இருந்தன.

மிச்சம் இரண்டு: லயத்தார், தோட்டத்தார். பால்காரர், தோட்டக்காரர் என்று ‘காரர்’ போட்டு வந்தவையும் உண்டு. ஆனால் பால்காரர் என்றால் பால் ஊற்றுகிறவர், தோட்டக்காரர் என்றால் புல் வெட்டுகிறவர். ‘காரர்’ என்ற விகுதி தொழிலையோ உடைமையையோ சுட்டப் பழகிவிட்டது. ஓர் இடத்தைச் சேர்ந்தவர் என்று சொல்ல ‘ஆர்’தான் பொருத்தம்: ஊரார், நாட்டார், வீட்டார், குடும்பத்தார். மகரத்தில் முடியும் சொல்லோடு ‘அத்து’ சேர்ந்து ‘ஆர்’ வருவது எல்லாருக்கும் பழகிய ஓசை. யாரும் இலக்கணம் படித்திருக்க வேண்டியதில்லை. அதற்கு இன்னொரு வசதி உண்டு: ஆண், பெண் வேறுபாடு காட்டாது, மரியாதையும் பன்மையும் ஒன்றாகவே வந்துவிடும். இணையத் தமிழில் ‘பதிவர்’, ‘விக்கிப்பீடியர்’ போன்ற சொற்கள் சண்டையில்லாமல் நிலைத்ததற்கு ‘அர்’ விகுதியின் இந்தக் குணமே பாதிக் காரணம்.

ஆனால் ‘ஆர்’ எப்போது வேண்டுமானாலும் ‘ஆன்’ ஆகும். முதுகுக்குப் பின்னால் யாராவது அப்படித்தான் சொல்வார்கள். எனவே ஒவ்வொரு பெயரையும் ‘ஆன்’ போட்டு ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். இலங்கை மலையகத்தாரை நோக்கி வீசப்பட்ட ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல் எவ்வளவு காயப்படுத்தியது என்பது தெரிந்ததே. அந்த நிழல் நம் பெயரில் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதற்குத்தான் இது.

ஐந்து வாக்கியச் சோதனை

பட்டியலில் பெயர் அழகாக இருப்பது வேறு, வாக்கியத்தில் உட்காருவது வேறு. குழுவில் உண்மையாகவே வரும் ஐந்து வகைச் செய்திகளை எடுத்து, பெயரை அதில் பொருத்திப் பார்க்க வேண்டும்: புதியவரை வரவேற்பது, நன்றி சொல்வது, உதவி கேட்பது, கண்டிப்பது, இறப்பு அறிவிப்பது.

‘புதிய மின்மினிக்கு வணக்கம்.’ பரவாயில்லை. ‘மின்மினிகளே, ஓ பாசிட்டிவ் ரத்தம் அவசரமாகத் தேவை.’ கொஞ்சம் இடிக்கிறது. ‘நம் மின்மினி ஒன்று நேற்றிரவு மறைந்தது. நல்லடக்கம் பிற்பகல் 2 மணிக்கு.’ இங்கே முடிந்தது கதை. இதைப் படித்த யாரும் அந்தப் பெயருக்குத் திரும்ப ஓட்டுப் போட மாட்டார்கள். எழுபது வயதுக்காரர் ஒருவர் ‘நான் ஒரு மின்மினி’ என்று தன் வாயால் சொல்வாரா என்பது இன்னொரு கேள்வி. உருவகப் பெயர்கள் காற்பந்துக் குழுவுக்குப் பொருந்தும். விளையாட்டில் சாவு அறிவிப்பு வராது. ஊர்க் குழுவில் வாரம் தவறாமல் வரும்.

‘தோட்டத்தார் ஒருவர் மறைந்தார்’, ‘லயத்தார் ஒருவர் மறைந்தார்’: இரண்டும் நிற்கின்றன. ‘லயத்தார் அனைவருக்கும் நன்றி’, ‘தோட்டத்தாரே, போலிச் செய்தியைப் பகிராதீர்கள்’: இவையும் சரி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் இந்தப் பெயர் தனி ஆளை நேரில் அழைக்கப் பயன்படப் போவதில்லை. நேரில் அண்ணே, அக்கா, மாமா, அத்தை, தம்பி என்பது அப்படியேதான் இருக்கும். ‘தோட்டத்தாரே, சாப்பிட்டீங்களா?’ என்று எவரும் கேட்க மாட்டார். எனவே பெயரைக் கூட்ட விளியாகவும் படர்க்கையிலும் மட்டும் சோதித்தால் போதும். இதைப் புரியாமல் ‘இனி எல்லாரும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் அழைக்க வேண்டும்’ என்று அறிவிக்கிற அட்மினால்தான் பல நல்ல பெயர்கள் முதல் வாரத்திலேயே சாகின்றன.

வாக்கு

வாட்சப் வாக்கெடுப்பில் 12 விருப்பங்கள் வரை போடலாம். போடக் கூடாது. நான்குக்கு மேல் போனால் வாக்கு சிதறும். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுக்க வழி திறந்தே இருக்க வேண்டும். ‘இதுவும் சம்மதம், அதுவும் சம்மதம்’ என்று சொல்ல முடிந்தால்தான் பெரும்பாலோர் ஏற்கும் பெயர் மேலே வரும். ஒரே வாக்கு என்றால் இருபது பேரின் பிடிவாதம் ஜெயித்துவிடும்.

பெரிய குறை, வாட்சப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி எதைத் தட்டினான் என்று அண்ணன் பார்ப்பார். டெலிகிராம் வாக்கெடுப்பைப் பெயர் தெரியாதபடி வைக்க முடியும், பல விருப்பத் தேர்வும் உண்டு. அங்கே குழுவுக்கு ஒரு கிளை இருந்தால் அதில் நடத்துவது நல்லது. இல்லையென்றால் சலித்த மூவரில் ஒருவருக்குத் தனிச் செய்தியாக வாக்கை அனுப்பச் சொல்லலாம். முதியவர்களுக்கு இதுவே எளிது. மூன்று முழு நாள் திறந்து வைக்க வேண்டும். செம்பனை வெட்டுக்கு விடியலில் போகிறவரும், தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்ப்பதில்லை.

மாதிரிக் குழுவில் 96 பேர் வாக்களித்ததாக வைப்போம். லயத்தார் 66, தோட்டத்தார் 61, மின்மினிகள் 43, தென்னமரத்தார் 38. பாதிக்கு மேல், அதாவது 49 அல்லது அதற்கு மேல் பெற்றவை இரண்டு. முதலில் வந்ததை அறிவித்து முடித்துவிடலாமா? இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

வாக்குக்குப் பிறகு ஒரு வாரம் மறுப்புக் காலம் என்று ஒன்று வேண்டும். ‘இந்தப் பெயரால் என்னை அழைக்க வேண்டாம்’ என்று சொல்ல விரும்புகிறவர், ஒரு வரிக் காரணத்தோடு தனிச் செய்தி அனுப்பலாம். வாக்களித்தவர்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறுப்பு வந்தால் அந்தப் பெயர் விலகும். வாக்கு, விருப்பத்தை அளக்கிறது. பெயர் உறுத்துகிறதா என்பதை மறுப்புத்தான் காட்டும்.

லயத்தாருக்கு 14 மறுப்பு. பெரும்பாலும் அறுபது தாண்டிய பெண்கள். காரணங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்: ‘லயத்த விட்டு வெளிய வரணும்னுதான் பிள்ளைங்கள படிக்க வச்சோம். இப்ப அந்தப் பேர பேரன் சட்டையில போடவா?’

இளையவர்கள் இதற்குச் சொல்லும் பதில் வலுவானது: இழிவாகப் பார்க்கப்பட்ட சொல்லை நாமே எடுத்து உயர்த்திப் பிடிப்போம், தவிரவும் ‘லயம்’ என்றால் இசையில் தாளக்கட்டு, நல்ல பொருள்தானே. உண்மைதான். அழகான சிலேடையும்கூட. ஆனால் பட்ட சொல்லை உயர்த்திப் பிடிக்கும் உரிமை பட்டவருக்கே உண்டு. ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம், வீட்டுக்கு வெளியே பொதுக் குழாய், மழையில் ஒழுகும் தகரம் என்று வாழ்ந்தவர் வேண்டாம் என்றால், தமானில் பிறந்தவர் ‘பெருமைப்படுங்கள் பாட்டி’ என்று சொல்லக் கூடாது. எங்கள் பார்வையில் இந்த இடத்தில் 66 வாக்கைவிட 14 மறுப்பு கனமானது.

தோட்டத்தாருக்கு மறுப்பு மூன்றுதான், மூன்றும் டவுன் குடும்பங்களிலிருந்து: ‘நாங்க தோட்டமே இல்லையே.’ நியாயமான குறை. பெயரை மாற்றாமல் நுழைவை மாற்றி இதைச் சரிசெய்யலாம். புதியவரை வரவேற்கும் செய்தியில் ‘எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? டவுன் என்றால் எந்தத் தெரு?’ என்று சேர்த்துவிட்டால், தோட்டத்துக்காரர்களுக்கு அரிசியும் கருவாடும் கடன் கொடுத்த கடைக்காரர் வீடும் அந்தக் கேள்விக்குள் வந்துவிடும். கிராணி வீட்டாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. லயத்தில் இல்லாவிட்டாலும் தோட்டத்தில்தான் இருந்தார்கள். நாளிதழ்கள் முதலாளி தரப்பைத் ‘தோட்ட நிர்வாகம்’ என்றே எழுதுவதால் அந்தப் பக்கமும் குழப்பம் இல்லை. பல பெயர்களைச் சுற்றிவிட்டு, முதல் வாரம் குறித்து வைத்த கேள்விக்கே குழு திரும்பி வந்திருக்கிறது.

லயத்தார் என்ற சொல் செத்துவிடாது. லயத்தில் வளர்ந்தவர்கள் தங்களுக்குள் கேலியாகச் சொல்லிக்கொள்வார்கள். அது அவர்கள் சொத்து. அதிகாரப் பெயராக்காமல் விடுவதே மரியாதை.

புழக்கத்தில் விடுவது

அறுபது நாள் சோதனை. குழுவின் பெயரை அதே நாளில் மாற்றக் கூடாது. குழுப்பெயர் வேறு, உறுப்பினரைக் குறிக்கும் பெயர் வேறு. இரண்டையும் ஒன்றாக மாற்றினால் ஒன்றின் மீதுள்ள எரிச்சல் மற்றதன் மேல் பாயும். பிற்காலத்தில் சங்கமாகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் அதற்குக் குறைந்தது ஏழு பேரும் சட்டவிதிகளும் வேண்டும். சங்கப் பெயரை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அட்மின்கள் வாரத்துக்கு இரண்டு அறிவிப்பில் மட்டும் புதுப் பெயரை இயல்பாகப் பயன்படுத்த வேண்டும். நான்காம் வார முடிவில் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். அட்மின் அல்லாத ஒருவர், யாரும் கேட்காமல், தானாக எழுதியிருந்தால் பெயர் ஒட்டிக்கொண்டது. அட்மின்கள் மட்டுமே எழுதியிருந்தால் ஒட்டவில்லை. அறுபதாம் நாள் வரை இழுக்காமல் அமைதியாகக் கைவிடலாம்.

ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். தோட்டத்தார் என்பதை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ஒரு ‘டி’ கூடும், ஒரு ‘எச்’ குறையும், தேடினால் கிடைக்காது. ஒரே வடிவத்தைக் குழு விவரத்தில் எழுதி வைத்தால் போதும். டெலிகிராம் பயனர்பெயர் 5 முதல் 32 எழுத்துக்குள், ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் ஏற்கும். இது அதற்குள் அடங்கும். அதே செயலியில் அட்மின் பெயருக்குப் பக்கத்தில் வைக்கும் பட்டத்துக்கு 16 எழுத்துதான் இடம். அது நாம் எண்ணுகிற எழுத்தல்ல. கணினி மெய், உயிர்க்குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். தோட்டத்தார் நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. ‘பெஸ்தாரி ஜெயாக்காரர்’ என்று வைத்திருந்தால் இருபது, வெட்டுப்பட்டிருக்கும்.

கடைசியாகச் சட்டை. லயத்தாரில் கொம்பே இல்லை. தோட்டத்தாரில் முதல் எழுத்திலேயே கொம்பும் காலும் உண்டு. அச்சுக்கடையின் வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான எழுத்தமைப்பு வசதி முடுக்கப்படாமல் இருந்தால், ‘தோ’ சிதறும்: கொம்பு ‘த’ எழுத்துக்குப் பின்னால் போகும், அல்லது நடுவில் ஒரு புள்ளிவட்டம் முளைக்கும். கடைக்காரர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருந்தால் அவருக்கு அது தவறாகவே தெரியாது. எனவே வாட்சப்பில் சொல்லைத் தட்டி அனுப்பக் கூடாது. எழுத்தை உருவக்கோடாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகவோ, பெரிய படமாகவோ கொடுக்க வேண்டும். நெடிலின் கொம்பு குறிலாகி ‘தொட்டத்தார்’ ஆகிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். பின்னல் வேலை என்றால் இன்னொரு தொல்லை: நெஞ்சுப் பக்கம் சின்னதாகத் தைக்கும்போது ட், த், ர் மூன்றின் புள்ளிகளும் நூலுக்குள் அமுங்கிவிடும். முழு எண்ணிக்கைக்கும் சொல்லுமுன் ஒரு சட்டை மாதிரி தைக்கச் சொல்லி, அதைக் கையில் வாங்கி, மூன்று புள்ளியும் இருக்கிறதா என்று எண்ணிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.